சூரியன் சாட்டு

கிண்ணியா நஜ்முன் நிஸாவுக்குச் சூரியனோடு ஒரு கோபமும் இல்லை. அவளுடைய கோபமெல்லாம் சூரியனுக்குக் கீழே இருக்கிறவர்களோடுதான்.

திருகோணமலையில் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஆலைக்கு மேல்மாடியில் மீனவர் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு வானொலி அறை இருக்கிறது. அங்கே 'செற்' என்று எல்லோரும் சொல்கிற கருவிக்கு முன்னால், ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் கதிரையில், அவள் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். காலையில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் வருவாள். மத்தியான ளுஹர் தொழுத கையோடு செற்றைத் திறப்பாள். கரையிலிருந்து இருநூறு முந்நூறு கடல்மைல் தள்ளி நிற்கிற ஆழ்கடல் படகுகள் ஒவ்வொன்றாக வந்து பெயர் சொல்லும். ஆட்கள் சுகமா, ஐஸ் இருக்கிறதா, எப்போது திரும்புகிறீர்கள், இவ்வளவுதான் கேள்வி. இதற்கு மத்தியானக் கதை என்று பெயர். கீழே படிக்கட்டில் கடலுக்குப் போனவர்களின் பெண்சாதிமார் காத்திருப்பார்கள். "உங்கட ஆள் கதைச்சிட்டார், சுகமாம்" என்று நிஸா எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள்.

மத்தியானக் கதையில் ஒருவரும் தான் நிற்கிற இடத்தைச் சொல்லமாட்டார்கள். மீன் பட்ட இடத்தைச் செற்றில் சொன்னால், காதைத் தீட்டிக்கொண்டிருக்கிற மற்றப் படகுகளெல்லாம் அடுத்த நாள் அங்கே வந்து நிற்கும். ஆகவே வடக்கே நிற்கிறவன் தெற்கே என்பான். சூரை மீனை வாரி வாரிப் போடுகிறவன் "வெறும் தண்ணிதான் தங்கச்சி" என்று அழாக்குறையாகச் சொல்லுவான். அவனிலும் கெட்டிக்காரன் செற்றையே மூடிவிடுவான். படகின் இருப்பிடத்தைக் கரைக்குக் காட்டுகிற கருவியின் வயரையும் பிடுங்கிவிடுவான். கரைக்கு வந்து "பற்றரி பழுது" என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வான். மீனைப் பற்றிச் சொல்லும் பொய்யை நன்மை தீமை எழுதுகிற மலக்குகள் எழுதுவதில்லை என்பது துறைமுகத்தாரின் நம்பிக்கை போலும். நிஸா மட்டும் செற்றில் பொய் சொன்னதில்லை. அவள் சொல்கிற 'சுகம்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் அத்தனை பெண்கள் படிக்கட்டில் இருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு மத்தியானம் செற் செத்துப்போனது. ஒரு படகு பாதி வசனம் கதைத்துக்கொண்டிருந்தபோதே குரல் தேய்ந்து மறைந்தது. எப்போதும் இருக்கிற இரைச்சல்கூட அடங்கிவிட்டது. ஏரியல் கம்பி அறுந்துவிட்டதாக்கும் என்று தகரக் கூரையில் ஏறிப் பார்த்தாள். காகங்கள் இருந்தன, கம்பியும் இருந்தது. படிக்கட்டில் அழுகை தொடங்கிவிட்டது. மூன்று படகுக்கு முதலாளியான ஸெய்னுதீன் ஹாஜியார் மூச்சிரைக்க மேலே வந்து, "செற்ற என்ன செஞ்ச புள்ள?" என்று கத்தினார். அவள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லச் சொல்ல அவர் கத்தல் கூடியது. ஒரு மணித்தியாலம் போனதும் எல்லாக் குரலும் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வந்தன. ஹாஜியார் மன்னிப்புக் கேட்கவில்லை. "இனிமேல் தேவையில்லாம ஒண்டையும் அமத்தாத" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

செய்யாத குற்றத்துக்கு வாங்கிய ஏச்சு அவளுக்குள் முள்ளாக நின்றது. போனில் தேடினாள். விளங்காத ஆங்கிலத்தை அகராதி வைத்துத் திருகித் திருகி வாசித்தாள். கடைசியில் குற்றவாளி பிடிபட்டான். சூரியனின் முகத்தில் கறுப்புப் புள்ளிகள் வரும். புள்ளி என்பது அழுக்கல்ல, காந்தம் முறுக்கேறிய இடம். அந்தக் காந்தம் சிக்குப்பட்டு அறுந்தால் வெடிப்பு. வெடிப்பின் ஒளி பகல் வானத்தில் பட்டால் தூரத்துச் செற்றுகளுக்கு வாய்ப்பூட்டு. ஹாஜியார் ஏச வேண்டிய ஆள் அவள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறான்.

அன்றிலிருந்து அவளுக்கு அது வேலையாகிப் போனது. விண்வெளியில் நிற்கிற ஓர் ஆய்வுக் கருவி சூரியனை எடுக்கிற காந்தப்படம் இணையத்தில் சும்மா கிடைக்கிறது. சாம்பல் நிறத் தட்டில் வெள்ளையும் கறுப்பும் தெறித்த மாதிரி இருக்கும். வெள்ளை காந்தத்தின் ஒரு முனை, கறுப்பு மறுமுனை. காலையில் பஸ்ஸில் இருக்கும்போதே அன்றைய படத்தைப் போனில் சேமித்துவிடுவாள். வானம் வெளித்திருந்தால் அறையில் கிடந்த பழைய இரட்டைக்குழல் தொலைநோக்கியின் ஒரு கண்ணைப் பிளாஸ்டர் ஒட்டி மூடி, மற்றக் கண்ணால் வெயிலை ஒரு வெள்ளைக் காட்மட்டையில் விழுத்துவாள். சூரியனை நேரே பார்த்தால் கண் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். மட்டையில் ஒரு தேநீர்க் கோப்பை அளவில் வட்டம் விழும். அதில் மிளகு சிந்தியதுபோலப் புள்ளிகள் இருக்கும். படத்தில் கண்டதை மட்டையில் கண்டால்தான் அவளுக்கு மனம் ஆறும்.

ஒரு புள்ளிக் கூட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதை அவள் நாள்நாளாகப் பார்த்தாள். ஒன்றுமில்லாத சாம்பலில் சின்னதாய் ஒரு வெள்ளையும் கறுப்பும் ஒட்டிக்கொண்டு முளைக்கும். பிறகு ஒன்றைவிட்டு ஒன்று விலகி, முன்னே ஒன்று பின்னே ஒன்று என்று மரியாதையாக நடக்கும். அப்படி நடக்கிற கூட்டத்தால் பெரிதாக ஒரு தொந்தரவும் இல்லை. சில கூட்டத்தில் மட்டும் கறுப்புக்கு நடுவில் புதிதாய் வெள்ளை முளைத்து, ஒரே புள்ளிக்குள் இரண்டும் நெருக்குப்படும். எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்திருப்பது வழக்கம். ஒரே வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைமார் வந்து, கூடத்துக்குக் குறுக்கே சேலையைக் கட்டிக்கொண்டு இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடக்கும்.

இந்தக் காரியத்தில் எரிச்சலுக்குப் பஞ்சமில்லை. நவம்பர் தொடங்கினால் தை கழியும்வரை வானம் மூடிக்கிடக்கும், மட்டையும் தொலைநோக்கியும் அலுமாரிக்குள் போகும். படம் பாதி இறங்க, டேட்டா முடியும். எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல் சூரியன் சுழல்வது. பத்துப் பன்னிரண்டு நாள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த கூட்டம், இப்போதுதான் வெள்ளையும் கறுப்பும் முட்டத் தொடங்கியிருக்கும், மேற்கு விளிம்பால் சறுக்கி மறைந்துவிடும். பின்னால் போய் அது என்ன கூத்தாடியது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு கிழமை கழித்து மற்றப் பக்கத்தால் வரும்போது, அதே கூட்டமா, வேறொன்றா என்று அடையாளமே தெரியாமல் கரைந்து வரும். ஒருமுறை தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தாள்: சூரியனின் வடபாதியில் எல்லாக் கூட்டத்திலும் முன்னால் போவது ஒரே நிறம், தென்பாதியில் அதற்கு நேர்மாறு. சந்தோஷத்தில் ஒரு பொழுது தரையில் கால் படவில்லை. பின்னேரம் வாசித்துப் பார்த்தால் இதை நூறு வருடத்துக்கு முன்பே ஆட்கள் கண்டு எழுதிவைத்திருந்தார்கள்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வெடிப்பு வரும்போல இருந்தால் மத்தியானக் கதையில் முன்கூட்டியே சொல்லத் தொடங்கினாள். "நாளைக்குச் சத்தம் போனா பயப்படாதீங்க, மஃரிபுக்குப் பிறகு கூப்பிடுறன், வெயில் போனா செற் சரியாகிரும்." இரண்டு தரம் பலித்தது. மூன்றாம் தரம், கிழக்கு விளிம்பில் ஒரு கூட்டம் கறுப்பும் வெள்ளையும் கலந்தடித்துக்கொண்டு வருவதைக் கண்டு, பெரிய வெடிப்பு வரும் என்றாள். இரண்டு நாளில் கூட்டம் உள்ளே வந்து நேருக்கு நேர் நின்றபோது பார்த்தால் கலப்பும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. சாந்தமான ஒரு வெள்ளைப் புள்ளி. விளிம்பில் நிற்கும்போது சாய்வாகத் தெரிவதால் ஒரே நிறப் புள்ளிக்கும் ஓரத்தில் மற்ற நிறம் ஒட்டியதுபோலக் காட்டும் என்பது அவளுக்கு அதன் பிறகுதான் தெரியவந்தது. அந்தக் கிழமை முழுக்கக் கடலில் சிரிப்பு. "நிஸாட சூரியன் இண்டைக்கு என்ன சொல்லுதாம்?" என்று கேட்காத படகில்லை.

சிரித்தவர்கள் பாடத்தை மட்டும் நன்றாகப் படித்துக்கொண்டார்கள். முதலில் படித்தவன் அவளுடைய புருஷன் முனாஸ்தான். அவன் ஹாஜியாரின் 'ஜுமானா' படகுக்கு ஸ்கிப்பர். ஒரு பயணத்தில் நாலைந்து நாள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, படகின் பலகை தெரியாத அளவு மீனோடு வந்து இறங்கி, ஹாஜியாரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சூரியன் வெடிச்சிற்று ஹாஜியார். வேணுமெண்டா நிஸாட்டக் கேளுங்க" என்றான்.

ஹாஜியார் கேட்டார். "அந்த நாள்கள்ல ஒரு வெடிப்புமில்ல" என்று நிஸா சொன்னாள்.

மீன் நிறைய இருந்தபடியால் ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். முனாஸ் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. ஆனால் சாட்டு ஊருக்குள் இறங்கிவிட்டது. பற்றரி பழுது, வயர் அறுந்தது என்பதெல்லாம் பழசாகி, எந்த ஸ்கிப்பர் எங்கே ஒளிந்து மீன் பிடித்தாலும் "சூரியன்" என்றான். வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு என்பார்கள். இங்கே கடற்கள்ளனுக்குச் சூரியன் சாட்டு. முதலாளிமார் படியேறி வந்து, "போன புதன் சூரியன் எப்பிடி?" என்று சாட்சி விசாரித்தார்கள். உண்மையைச் சொன்னால் ஸ்கிப்பர்மார் முறைத்தார்கள். "இதுக்காகவா நான் வெயிலுக்குள்ள கிடந்து பாக்கிறன்?" என்று அவள் செற்றைப் பார்த்தே கேட்டுக்கொள்வாள்.

போன ஓகஸ்டில் 'ஜுமானா' கதைக்காமல் போனது.

முதல் நாள் நிஸா பயப்படவில்லை, ஆத்திரப்பட்டாள். மனுசன் மீனில் நிற்கிறான், கரைக்கு வந்து சூரியனை இழுக்கப்போகிறான் என்று நினைத்தாள். சங்கத்துக் கணினியில் பார்த்தாள். இருப்பிடம் காட்டும் கருவியும் அணைந்திருந்தது. வயரைப் பிடுங்கிவிட்டான் என்று பல்லைக் கடித்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானமும் சத்தமில்லை. அப்போதுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. கருவி அணைவதற்கு முன் விட்டுச்சென்ற புள்ளிகளைப் பின்னோக்கிப் பார்த்தாள். ஓடுகிற படகு போல அல்ல, கிடக்கிற படகு போல, ஒன்றோடொன்று ஒட்டி நீரோட்டத்தின் பக்கம் நகர்ந்திருந்தன. மீன் பிடிக்கிற படகு அப்படிக் கிடக்காது. காந்தப்படத்தைத் திறந்தாள். சூரியனில் இருந்த ஒரே பெரிய கூட்டம் வயதாகிப்போன கூட்டம். வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு மறுபக்கம், நடுவே அகலமான சாம்பல். கிழமைக்கணக்காக அது பிரிந்து பிரிந்து போவதை அவளே பார்த்துக்கொண்டு வந்தவள். வெடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

ஹாஜியாரின் ஐஸ் கடைக்கு ஓடினாள். "ஹாஜியார், ஜுமானாக்கு என்னவோ நடந்திற்று. எஞ்சின் நிண்டு தண்ணில கிடக்கிற மாதிரித்தான் தெரியுது. ஒரு போட்ட அனுப்புங்க."

ஹாஜியார் கணக்குப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்தவர், திரும்பிச் சிரித்தார். "ஏன் புள்ள பதறுற? சூரியனாயிருக்கும். நீதானே படிச்சுப் படிச்சுச் சொன்ன, சத்தம் போனா பயப்படாதீங்க எண்டு?"

"சூரியன் சும்மா இருக்கு ஹாஜியார். மத்தப் போட்டெல்லாம் இண்டைக்கு நல்லாக் கதைச்சிச்சே. சூரியன் ஒரு போட்ட மட்டும் தெரிஞ்செடுத்து வாயப் பொத்துமா?"

"அப்பிடியெண்டா மீன் பட்டிருக்கு. உன்ட புருஷன எனக்குத் தெரியாதா?" அவருக்கு அந்த எண்ணமே இனித்தது. "போட்ட அனுப்பி, ஆள அனுப்பி, அவன்ட இடத்த ஊருக்குக் காட்டச் சொல்றியா?"

அறிவிக்க வேண்டிய இடங்களுக்குப் போய்ச் சொன்னாள். படகின் சொந்தக்காரர் முறைப்பாடு தரவேண்டும் என்றார்கள். சொந்தக்காரர் தரமாட்டார், கருவியின் வயரைப் பிடுங்கியதாகத் தெரியவந்தால் விசாரணை வரும் என்று அவருக்குப் பயம். செற்றில் படகுகளைக் கெஞ்சினாள். "ஆராவது அந்தப் பக்கம் நிண்டா ஒருக்கா போய்ப் பாருங்க. அஞ்சு உயிர் இருக்கு." ஒருவன் தான் வெகு தூரத்தில் நிற்பதாகச் சொன்னான். ஒருவன் டீசல் காணாது என்றான். அஸாம் என்ற இளம் ஸ்கிப்பர், அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் சொல்கிற எங்கள் பக்கத்து வழக்கில், "நிஸா தாத்தா, முனாஸ் காக்கா மீனோட வந்து இறங்குவார் பாருங்க. எங்களுக்கும் ஒரு துண்டு கறிக்குத் தாங்க" என்றான். செற்றுக்குள் எல்லோரும் சிரித்தது கேட்டது.

மூன்றாம் நாள் படிக்கட்டில் ஸல்ஹா இருந்தாள். அவளுடைய புருஷன் றம்ஸானும் அந்தப் படகில்தான். "தாத்தா, இண்டைக்குச் சூரியன் எப்பிடி? கடுமையா?" என்று கேட்டாள். மூன்று நாளாகச் சோறு இறங்காத முகம். சூரியன் பொல்லாதது என்று ஒரு சொல் கேட்டால் அவளுக்குப் போதும், நிம்மதியாகப் போய்த் தின்பாள். நிஸாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்தச் சூரியனைக் கொண்டுவந்து இவர்களுக்குக் காட்டியவள் அவள்தான். இப்போது ஒரு படகு தாழ்ந்தாலும் அதை மூடிவைக்கச் சூரியனையே பாவிக்கிறார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

"சூரியன் நல்லாத்தான் இருக்கு, ஸல்ஹா" என்றாள். ஸல்ஹா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

நிஸா மேலே போய்க் கதவைச் சாத்தினாள். ளுஹர் தொழுதாள். தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பது மறந்து திரும்பத் தொழுதாள். பிறகு செற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, பற்றிக்கைக் கூப்பிட்டாள். பற்றிக் பட்டணத்துக் கத்தோலிக்கர், வயதானவர், தெற்கே வெகுதூரத்தில் நிற்பதாகச் சொன்னவர்; சொன்னது மெய்யென்றால் அவரால் போக ஏலாது. ஆனால் எல்லாப் படகும் கேட்கிற அலைவரிசையில்தான் கூப்பிட்டாள்.

"பற்றிக் அண்ணன், உங்களுக்கு மட்டும் ஒரு கதை. ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

"சொல்லுங்க தங்கச்சி."

"எங்கட ஆளுக்கு மீன் பட்டிருக்கு. பெரிய மஞ்சட்சூரைக் கூட்டம். ஐஸ் காணாதாம். ஆக்கள் வந்திருவாங்கெண்டுதான் செற்ற மூடி வெச்சிக்கார், இண்டைக்கு வேற அலைவரிசையில வந்து எனக்கு மட்டும் சொன்னவர்." கணினியில் கடைசியாக இருந்த புள்ளியைப் பார்த்து, இடத்தை ஒரு எண்ணும் பிசகாமல் சொன்னாள். "நீங்க பாவம், இந்தப் பயணம் ஒண்டுமில்லெண்டு சொன்னீங்க. அதுதான் மனசு கேக்காமச் சொன்னனான்."

பற்றிக் மெல்ல, "நான் எங்க தங்கச்சி நிக்கிறன், அது எங்க கிடக்கு. எண்டாலும் நல்லா இருங்க" என்றார். வேறொருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். பதினொரு வருடத்தில் செற்றில் சொன்ன முதல் பொய்.

மறுநாள் மத்தியானம் அவள் கூப்பிட்டபோது ஒரு படகும் பேசவில்லை. பற்றிக்கின் குரலும் இல்லை.

இந்த மௌனத்துக்கு இரண்டு பொருள் இருக்கலாம். எல்லோரும் செற்றை மூடிக்கொண்டு ஒருவனுக்கொருவன் தெரியாமல் அந்த இடத்துக்கு ஓடுகிறார்கள் என்றால், ஐந்து உயிருக்கு வழி பிறந்துவிட்டது. இல்லை, சூரியன் உண்மையாகவே வெடித்திருக்கிறதென்றால், ஓடுகிறார்களா என்பதே தெரியாது. ஏனென்றால் நேற்றுக் காலை கிழக்கு விளிம்பில் ஒரு புதிய கூட்டம் தலைகாட்டியிருந்தது. வெள்ளைப் புள்ளியின் ஓரத்தில் கறுப்புக் கோடு. அது விளிம்பு காட்டுகிற பொய்யா, இரண்டு மாப்பிள்ளைமார் கதையா? போனைத் திறந்தாள். டேட்டா வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. வெளியே மேகம், மட்டையில் ஒரு வெளிச்சமும் விழவில்லை. மூன்று வருடமாக ஒரு பயனும் இல்லாமல் பார்த்தேன், பார்க்க வேண்டிய ஒரே நாளில் பார்க்க ஏலவில்லையே என்று மேசையில் கையை அடித்தாள். இரைச்சல் குறைந்திருக்கிறதா என்று காதை ஒலிபெருக்கியில் வைத்துக் கேட்டாள். குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. பயந்த காதுக்கு எல்லாம் கேட்கும்.

வேலை முடிந்ததும் பஸ்ஸில் ஏறினாள். பாலத்தில் வரும்போதுதான் போனில் அலை பிடித்தது. படம் மேலேயிருந்து கோடு கோடாக இறங்கியது. விளிம்பிலிருந்து கூட்டம் ஒரு விரலளவு உள்ளே வந்திருந்தது. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நேற்றுத் தடிப்பாக இருந்த கறுப்புக் கோடு இன்றைக்கு மயிரிழையாக மெலிந்திருந்தது. உண்மையான கலப்பு என்றால் உள்ளே வர வரத் தெளிவாகும். இது உள்ளே வர வர இல்லாமல் போகிறது. விளிம்பின் பொய்தான். சூரியன் சாந்தம். அப்படியென்றால் இன்றைக்குக் கடலில் வாய்மூடியிருந்த அத்தனை பேரும் பச்சைப் பொய்யர்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஆட்கள் பொய் சொல்கிறார்கள் என்பதற்காக நிஸா அல்லாஹ்வைப் புகழ்ந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மத்தியானம் செற்றைத் திறந்த உடனே அஸாமின் குரல் வெடித்தது.

"நிஸா தாத்தா! மீனுமில்ல மண்ணுமில்ல! இஞ்ச ஆறு போட் வந்து நிக்குது. முனாஸ் காக்கா வாளியால தண்ணி இறைச்சிக்கொண்டு நிக்கார். எஞ்சின் அறைக்குள்ள கழுத்தளவு தண்ணி, பற்றரி முழுக்கத் தாண்டு போச்சு. என்ன தாத்தா நீங்க? எங்கட பயணம் போச்சே!"

"ஆளுகள்?" என்று கேட்டாள்.

"அஞ்சு பேரும் இருக்காங்க. கைதான் எல்லாருக்கும் தோலுரிஞ்சு கிடக்கு."

அவள் படிக்கட்டுக்கு ஓடி ஸல்ஹாவைக் கட்டிப்பிடித்தாள். மேலே செற்றுக்குள் ஆறு படகும் யார் கட்டியிழுப்பது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. கடைசியில் அஸாம்தான் இழுத்துவந்தான், வருகிற வழியெல்லாம் ஏசிக்கொண்டு.

கரையில் பூமாலை ஒன்றும் காத்திருக்கவில்லை. சங்கத்தில் கூட்டம் கூடியது. செற்றில் பொய் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்று, வருடம் முழுக்கச் செற்றில் பொய் சொல்கிற ஸ்கிப்பர்மார் ஒவ்வொருவராக எழும்பிப் பேசினார்கள். ஹாஜியார் தலைமைக் கதிரையில் இருந்து, "நம்பிக்கைதான் புள்ள முக்கியம்" என்றார். வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் வராது. அதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம் படிக்கட்டிலிருந்த ஒருத்தியிடம் "உங்கட ஆள் சுகமாம்" என்று சொன்னபோது, அந்தப் பெண் எழும்பாமல், "மெய்யாத்தான் சொல்றீங்களா தாத்தா?" என்று கேட்டாள். அதுதான் உறைத்தது. சூரியனை மட்டும் நிஸா விடவில்லை. அந்தப் புதிய கூட்டம் சாந்தமாகவே நடுவுக்கு வந்து சாந்தமாகவே மேற்கே போவதைக் கடைசிவரை பார்த்தாள். அதைச் சொல்லிக் கேட்கத்தான் ஆளில்லை.

முனாஸ் வீட்டுக்கு வந்து மூன்று நாள் படுக்கையில் கிடந்தான். உள்ளங்கையில் தோல் இல்லை. அவள்தான் சோறு குழைத்து ஊட்டினாள். நாலாம் நாள் தானே தின்கிறேன் என்று குசினியில் வந்து உட்கார்ந்தான். சந்தியில் தேத்தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் யாரோ அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். முகம் தொங்கியிருந்தது.

"மீன் பட்டிருக்கெண்டு சொன்னியாமே" என்றான்.

"ஓம்."

"ஊரெல்லாம் சிரிக்குது. ஏன் நிஸா பொய் சொன்ன? போட் தாழுது, ஆளுகள் சாகப்போறாங்க, வாங்க எண்டு உள்ளதச் சொல்லியிருந்தா வந்திருப்பாங்கதானே?"

நிஸா அவன் சோற்றுக் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை வைத்தாள்.

"முதல்ல அதத்தான் எல்லாருக்கிட்டயும் சொன்னனான்" என்றாள்.